பிராவோவின் நடுக்கம்

ஜூலை 7, செவ்வாய்

விடியும்போதே சுமத்ரா காற்று, மழை. பஸ்ஸிலிருந்து இறங்கி ஹேங்கர் வாசலுக்கு ஓடுவதற்குள் சப்பாத்து நிறையத் தண்ணீர். செலேத்தார் ஓடுபாதை கண்ணுக்கே தெரியவில்லை. ஒன்பது மணிக்கு, எதுவுமே நடக்காத மாதிரி வெயில். இந்த ஊர் மழைக்கு வெட்கமே கிடையாது.

வேலை: பிராவோ. அதிர்வு. கேப்டன் மனோகரன் மறுபடியும் புகார். "ஆடுது ரஹிமா. சீட் வழியா வருது, தொடையில தெரியுது."

பிராவோ எங்கள் கிளப்பின் பயிற்சி விமானம். நாலு இருக்கை, ஒற்றை எஞ்சின், என் மகளைவிட வயது அதிகம், அவளைவிடச் சொன்ன பேச்சு கேட்கும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் வந்து ஆடுது, இழுக்குது என்றால் பாதிதான் நம்புவேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்த ரகம். கேப்டன் அப்படி இல்லை. பெரிய விமானங்களில் ஒரு வாழ்நாள் ஓட்டிவிட்டு, ஓய்வு பெற்றபின் இங்கே கற்றுக்கொடுக்க வந்தவர். அவர் ஆடுகிறது என்றால் ஆடுகிறது.

எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள்: நல்லவை. புரொப்பெல்லர் நடுவே இருக்கும் கூம்பு, ஸ்பின்னர்: விரிசல் இல்லை. ஒரு மரக்கட்டையை நிறுத்தி, புரொப்பெல்லரைக் கையால் சுற்றி, இரண்டு பிளேடு நுனியும் ஒரே இடத்தை உரசிப் போகிறதா என்று பார்த்தேன். போகிறது. பிறகுதான் பேலன்ஸ். எஞ்சின் முன்பக்கம் சென்சார், பிளேடில் மினுங்கும் டேப், விமானத்தின் மூக்கு காற்றுக்கு எதிரே. ஹேங்கரில் என்னோடு வேலை செய்யும் வெய் மிங் பிரேக்கை மிதித்துக்கொண்டு எஞ்சினை ஓட்ட, நான் பக்கத்தில், மடியில் அதிர்வை அளக்கும் பெட்டி.

அதிர்வு 0.31. ஆபத்து இல்லை. ஆனால் அப்படியே விடவும் கூடாது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். விமானத்தில் முதலில் நகர்வது ஏதாவது ஒரு ஸ்க்ரூ. 0.1-க்குக் கீழே வந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

பெட்டி சொன்ன கோணத்தில் ஒரு ஸ்க்ரூ, எடைக்கு நாலு வாஷர். மறுபடி ஓட்டம். 0.06! மாமியாருக்கு ஏதாவது வேண்டுமென்றால் பேசுவாரே, அவ்வளவு வழவழப்பு என்றான் வெய் மிங்.

வீட்டில் வாஷிங் மெஷின் மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டது. சமையலறை வாசல் வரை வந்திருந்தது. "பிளேனுக்கே பேலன்ஸ் பண்றவ நீ" என்கிறார் இக்பால். கணவர் என்பதால் விட்டுவிட்டேன்.

ஜூலை 8, புதன்

வெயில். புழுக்கம். கேப்டனும் கீதா டீச்சரும் பிராவோவில் போய் வந்தார்கள். கீதா உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர், நாற்பதைத் தாண்டி விமானம் ஓட்ட ஆசைப்பட்டவர். இன்னும் சில பாடங்கள்தான். அப்புறம் முதல்முறை தனியாக அனுப்புவார்கள்.

கேப்டன் நேராக என்னிடம் வந்தார். "இன்னும் இருக்கு."

"எப்ப கேப்டன்? ஏறும்போதா, நேரா போகும்போதா?"

"நேரா போகும்போது. அதுவும் டீச்சர் ஓட்டுறப்போதான். நான் கையில வாங்கினா நின்னுடுது."

"எஞ்சின் அதே வேகமா?"

"அதே வேகம்தான்."

இப்படி ஒரு அதிர்வை நான் கேள்விப்பட்டதில்லை. யார் ஓட்டுகிறார்கள் என்று பார்த்து ஆடுகிற புரொப்பெல்லரா? தப்பாகப் பிடிக்கிறாரோ என்று டீச்சரை ஓரமாகக் கேட்டேன். "நானே பயத்துல நடுங்கிட்டு இருக்கேன் மேடம். பிளேன் நடுங்குதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?" நல்ல மனுஷி.

மத்தியானம் ரப்பர்களையும் மாற்றினேன். நல்லவைதான், இருந்தாலும். கேப்டன் சொல்லி நான் ஒன்றை அலட்சியம் செய்தேன் என்று இருக்கக்கூடாது.

எழுதிவைக்கிறேன், என்றைக்கும் மறக்கமாட்டேன் என்றாலும். முதன்முதலில் நான் கையெழுத்துப் போட்டு வெளியே விட்ட விமானம். தலையில் முக்காடு போட்ட ஒரு பெண் சரிபார்த்ததில் ஏற, கிளப்பில் ஆளாளுக்கு வேறு வேலை வந்துவிட்டது. கேப்டன்தான் சாவியை வாங்கினார். "ரஹிமா பார்த்தாச்சா? அப்ப சரி" என்று தனியாக ஏறிப் போனார்.

ஜூலை 10, வெள்ளி

இன்று சென்சாரோடு நானும் பறந்தேன். எழுதத்தான் வேண்டும். எழுதப் பிடிக்கவில்லை.

மேகம் குறைவு, காற்று இல்லை. சோதனைக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது. டீச்சர் இடது சீட், கேப்டன் வலது, நான் பின்னால், மடியில் பெட்டி. ஜொகூர் நீரிணைக்கு மேலே நேராகப் போனோம். டீச்சர் ஓட்டினார். 0.06. அசையாத எண்.

ஹெட்செட்டில் கேப்டன் குரல். "இப்ப. இப்ப ஆடுது, பார்த்தியா?"

பெட்டியைப் பார்த்தேன். 0.06. நிமிர்ந்து இரண்டு சீட்டுக்கும் நடுவே பார்த்தேன். கேப்டனின் இடது கை அவர் தொடைமேல் இருந்தது. சும்மா இருந்தது. கட்டைவிரலும் பக்கத்து விரலும் மட்டும் எதையோ உருட்டுகிற மாதிரி ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தன. பேண்ட் துணியும் சேர்ந்து ஆடியது.

"நான் வாங்கிக்கிறேன்" என்று கண்ட்ரோலைப் பிடித்தார். கை நின்றுவிட்டது. அப்படியே நின்றுவிட்டது! கல் மாதிரி உறுதியான கை.

"பார்த்தியா, இப்ப இல்ல."

"ம்" என்றேன்.

இறங்கியபின் ஆவலாகக் கேட்டார், என்ன தெரிந்தது என்று. டேட்டாவை கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கவேண்டும் என்றேன். பொய். பார்க்க ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்ததும் இக்பாலிடம் சொன்னேன். சாங்கி கார்கோவில் காலை ஷிப்ட் முடித்து, ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து படுத்திருந்தவர், எழுந்து உட்கார்ந்தார்.

"சொல்லிடு."

"சொன்னா டாக்டர்கிட்ட போகணும். போனா பறக்க விடமாட்டாங்க. பைலட்டுங்க இடிமேகத்துக்குப் பயப்படுறதைவிட மெடிக்கல் செக்கப்புக்குத்தான் பயப்படுவாங்க, தெரியுமா?"

"சொல்லாட்டி?"

கேப்டனுக்கு மனைவி இல்லை, மகன் மெல்பர்னில். காத்தோங் வீட்டில் தூங்க மட்டும்தான் போகிறார். மீதிப் பொழுதெல்லாம் ஹேங்கர், கிளப், பிராவோ.

வாஷிங் மெஷினுக்கு அட்டை மடித்து வைத்தேன். நின்றது.

ஜூலை 11, சனி

மாலையில் தேசிய தின ஒத்திகை, வான்வெளியை மூடிவிடுவார்கள். அதற்குமுன் எல்லாரும் பறந்து முடிக்கவேண்டும் என்று காலையிலேயே கூட்டம்.

கேப்டன் சீருடை இல்லாமல் வந்தார். "இன்னொரு வாட்டி பேலன்ஸ் பண்ணிப் பாரேன். எனக்காக."

பண்ணினேன். தேவையில்லை என்று தெரிந்தே பண்ணினேன். இந்த முறை பிரேக்கில் அவரே உட்கார்ந்தார். ஒரு வாஷரை எடுத்துவிட்டு, சின்னதாக இன்னொன்று போட்டேன். 0.03. இத்தனை வருஷத்தில் இவ்வளவு குறைந்த எண்ணை நான் பார்த்ததில்லை. வேறு நாளாக இருந்தால் வெய் மிங்கைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன்.

எஞ்சினை அணைத்தார். புரொப்பெல்லர் இரண்டு தரம் இழுத்து நின்றது. காதில் அந்த அமைதி. தொடைமேல் கை, இன்னும் ஆடியபடி.

"இன்னும் கொஞ்சம் இருக்கே" என்றார்.

நின்றுபோன புரொப்பெல்லரைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் கையைப் பார்த்தார், யாருடையதோ மாதிரி. நான் ஒயர்களைச் சுருட்டினேன். ஏற்கெனவே சுருட்டிய ஒயரை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினேன்.

இறங்கும்போது, எதுவும் நடக்காத குரலில்: "திங்கக்கிழமை டீச்சர் லீவு போட்டுட்டு வராங்க. ஒரு ரவுண்டு செக் பண்ணிட்டு தனியா அனுப்பிடலாம்னு இருக்கேன்."

கண்ட்ரோலைப் பிடித்தால் கை நிற்கிறது. அது வாஸ்தவம். ஆனால் இன்றைக்கு நிற்கிறது. அடுத்த மாதம்? தரையிலிருந்து ஐம்பது அடியில் டீச்சர் பிசகும்போது, பாய்ந்து பிடிக்கவேண்டிய கை அது. எனக்கு எண்கள்தான் தெரியும். இதற்கு எந்தப் பெட்டியிலும் எண் கிடையாது.

மனசே சரியில்லை. மகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

ஜூலை 12, ஞாயிறு

தேக்கா சந்தை. வாங்கவேண்டியவை: ஆட்டிறைச்சி, புதினா, முருங்கைக்காய், இக்பாலுக்கு கைலி.

கேப்டனை நான்தான் வரச்சொன்னேன். ஹேங்கரில் சொல்ல மனம் வரவில்லை. அங்கே அவர் கேப்டன். உணவங்காடியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், பக்கத்து மேசையில் ஊரிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகள் வீடியோ காலில் அம்மாவோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நல்லதாகப் போயிற்று. நுரை ததும்ப ஆற்றிய டீ, தே தாரிக், இரண்டு.

சுற்றி வளைத்துப் பேசலாம் என்று வீட்டிலேயே யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"கேப்டன், பிளேன்ல ஒண்ணும் இல்ல."

"அப்ப?"

"உங்க கை. இடது கை. சும்மா இருக்கிறப்போ மட்டும்."

கிளாஸைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு முகம் சிவந்தது. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. "நீ எஞ்சினியரா, டாக்டரா?"

"எஞ்சினியர். அதனாலதான் பிளேன்ல இல்லைன்னு உறுதியா சொல்றேன். மிச்சத்தை டாக்டர்தான் சொல்லணும்."

"வயசாச்சு. காப்பி கூடிப்போச்சு. இதெல்லாம் ஒரு விஷயமா?"

"இருக்கலாம். அதையும் டாக்டர் சொல்லட்டும்."

"நாளைக்கு எனக்கு பிளைட் இருக்கு ரஹிமா."

"நாளைக்கு நீங்க பறந்தா நான் சீஃப் இன்ஸ்ட்ரக்டர்கிட்ட சொல்லவேண்டி வரும். என்னைச் சொல்ல வைக்காதீங்க கேப்டன்."

எழுந்துவிட்டார். தே பாதி அப்படியே. சிராங்கூன் ரோடு பக்கம் போனவர் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து மேசைத் தம்பி, "அக்கா, இந்த நாற்காலியை எடுத்துக்கலாமா?" என்று கேட்டான். எடுத்துக்கொள் என்றேன்.

மார்சிலிங்கில் எங்கள் புளோக்குக்கு வந்து லிப்டில் ஏறியபோதுதான் உறைத்தது. இறைச்சி வாங்கவில்லை. எதுவுமே வாங்கவில்லை. இக்பால் கேட்கவும் இல்லை, அவரே முட்டை பொரித்தார்.

பின்னேரம் முழுக்க ஒரே எண்ணம். அன்றைக்கு என் வார்த்தையை நம்பி ஏறிப் போன மனிதர். இன்றைக்கு அதே வார்த்தையால் நான் அவரை இறக்குகிறேன்.

ஜூலை 13, திங்கள்

வானம் சுத்தம். பறப்பதற்கென்றே செய்த மாதிரி ஒரு காலை. எரிச்சலாக இருந்தது.

டீச்சர் முதலிலேயே வந்துவிட்டார், கையில் புட்டு மாயம் (இடியாப்பம்) பொட்டலம். எல்லாருக்கும் கொடுத்தார். என் பங்கை வெய் மிங்கிடம் தள்ளினேன்.

கேப்டன் வந்தார். முழுச் சீருடை, இஸ்திரி மடிப்போடு. என்னைப் பார்த்துத் தலையசைக்கவில்லை. பிராவோவைச் சுற்றி வந்தார், எப்போதும் போல, ஒன்றையும் விடாமல்: டயர், எண்ணெய், இறக்கை நுனி. பிளேடு ஓரத்தில் விரலை வைத்துத் தடவினார். நான் சீஃப் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவர் ஏறினால் நான் அங்கே நடக்கவேண்டும். யா அல்லாஹ், ஏறிவிடக்கூடாது.

சுற்றி முடித்தார். ஏறவில்லை. சீஃப் அறைக்கு அவரே போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே வரும்போது ஹெட்செட் பை தோளில். டீச்சரிடம் ஏதோ சொன்னார். டீச்சர் முகம் வாடியது. பிறகு கேப்டன் என் பக்கம் வந்தார்.

"பிளேன் நல்லா இருக்கு ரஹிமா. லாக்புக்குல எழுதி முடிச்சிடு."

அவ்வளவுதான். கார் போயிற்று.

ஸ்டோரில், எண்ணெய் டப்பாக்களுக்கு நடுவில் நின்று அழுதேன். வெய் மிங் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் கதவைச் சாத்திவிட்டுப் போனான். நல்ல பையன், ஐம்பது வயதுப் பையன்.

ஜூலை 17, வெள்ளி

கேப்டனிடமிருந்து செய்தி: "மெடிக்கல் சர்டிபிகேட் நிறுத்தம். இன்னும் டெஸ்ட் இருக்கு." போன் பண்ணினேன். எடுக்கவில்லை.

பிராவோ நன்றாக ஓடுகிறது. கிளப்பின் இன்னொரு பயிற்சியாளர் லிம் இப்போது டீச்சருக்குக் கற்றுக்கொடுக்கிறார். அவருக்கு எந்தப் புகாரும் இல்லை. யாருக்கும் இல்லை. வேலையில் இதைவிட வெற்றி கிடையாது. யாரிடமும் சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லை.

பல் டாக்டர், மகளுக்கு, அடுத்த வாரம். மறக்கக்கூடாது.

ஜூலை 26, ஞாயிறு

இக்பால்தான் கிளம்பச் சொன்னார். "போன் எடுக்கலைன்னா போக வேண்டியதுதான். பிரியாணி மேல யாரும் கோவப்பட மாட்டாங்க." டப்பாவோடு காத்தோங் போனோம். சிலோன் ரோட்டு விநாயகர் கோயிலைத் தாண்டும்போது மணி அடித்தது. உச்சிக்காலப் பூஜை போலிருக்கிறது.

கதவைத் திறந்தார். தாடி. பிரியாணி டப்பாவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "வாங்க இக்பால். இவளையுமா கூட்டிட்டு வந்தீங்க?"

சாப்பிட்டார். அதுவே பெரிய நிம்மதி. மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். டாக்டர் நோய்க்கு ஒரு பெயர் சொல்லியிருக்கிறார். எல்லாரும் கேள்விப்பட்ட பெயர்தான், இங்கே எழுத மனமில்லை. சீக்கிரமே தெரிந்தது நல்லது, பல வருஷம் நன்றாக இருக்கலாம் என்றாராம். பறப்பதைப் பற்றி மட்டும் டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை.

"என் மேல கோவமா கேப்டன்?"

"கோவம்தான். உன் மேல இல்ல." இன்னொரு கவளம் எடுத்தபடி, "பாதி உன் மேலதான்."

இக்பால் சிரித்துவிட்டார். கேப்டனும் சிரித்தார். எனக்கு மட்டும் கண் நிறைந்தது.

அப்புறம் அவராகவே சொன்னார். "தீபாவளி சமயத்துலேர்ந்தே இருக்கு. பேப்பர் படிக்கிறப்போ பேப்பர் சலசலன்னும். ஃபேன் காத்துன்னு எழுந்து ஃபேனை நிறுத்துவேன். பிளேன்ல வந்தா புரொப்பெல்லர்னு நெனச்சேன். நெனச்சேன் இல்ல ரஹிமா, அப்படியே இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். புரொப்பெல்லர்னா நீ சரி பண்ணிடுவியே."

தயிர்ப் பச்சடியை அவர் பக்கம் தள்ளினேன்.

ஹேங்கருக்கு வாருங்கள், சும்மாவாவது, என்று கூப்பிட்டேன். "பறக்காம அங்க வந்து என்ன பண்ண? தூணுக்குத் தூண் சாய்ஞ்சுக்கிட்டு நிக்கவா?" என்றார். வற்புறுத்தவில்லை.

ஆகஸ்ட் 10, திங்கள்

தேசிய தினத்துக்கு மறுநாள், பொது விடுமுறை. காலையில் இலேசான காற்று. புளோக் முழுக்கக் கொடி.

டீச்சரின் முதல் தனிப்பறப்பு இன்று. நேற்றே கேப்டனுக்குப் போன் பண்ணி, "நீங்க வரலைன்னா நான் ஏற மாட்டேன்" என்று மிரட்டியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் பழகிய குரல், வேலை செய்திருக்கிறது. கேப்டன் வந்தார். தாடி இல்லை. சீருடையும் இல்லை, சாதாரணச் சட்டை. ஹேங்கர் கதவோரம், என்னருகே நின்றார். கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

லிம் ஒரு சுற்று கூடப் போய்விட்டு, இறங்கிக் கதவைச் சாத்தினார். பிராவோவில் டீச்சர் மட்டும். பக்கத்து சீட் காலி. ஓடுபாதையில் ஓடி, எழும்பி, வலப்பக்கம் திரும்பி, சின்னதாகிப் போனது.

நான் எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன், பழக்கம். சுற்றி வந்தது. கொஞ்சம் உயரமாகத்தான் வந்தது. கேப்டனின் வலது கால் தரையில் இல்லாத பெடலை மிதித்தது. சக்கரம் தொட்டது, ஒரு சின்னத் துள்ளல், மறுபடி தொட்டது, ஓடியது. வெய் மிங் கத்தினான். நானும் கத்தினேன் என்று இக்பாலிடம் சொல்லப்போவதில்லை.

கிளப் வழக்கம் ஒன்று உண்டு: முதல்முறை தனியாகப் போய் இறங்கியவர் தலையில், கற்றுக்கொடுத்தவர் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றவேண்டும். லிம் வாளியை நிரப்பிக்கொண்டு வந்தார். டீச்சரிடம் போகவில்லை. நேராக எங்களிடம் வந்து கேப்டனிடம் நீட்டினார். "உங்க ஸ்டூடண்ட்" என்றார் ஆங்கிலத்தில்.

கேப்டன் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன், வாளியைப் பார்த்தேன்.

கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். இடது கை ஆடியது. எல்லாரும் பார்த்தார்கள்; எல்லாரும் வேறு எங்கோ பார்ப்பது போலப் பார்த்தார்கள். வாளியைப் பிடித்தார். கை நின்றது. தூக்கினார், தலைக்குமேல், நிதானமாக. டீச்சர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். ஒரு துளி வெளியே சிந்தவில்லை. முழுதும் உச்சந்தலையில்.

சிரிப்பு, கைதட்டல், போட்டோ. வாளியைக் கீழே வைத்தார். கை பழையபடி ஆட ஆரம்பித்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட டீச்சர் அதைப் பார்த்துவிட்டார். "கேப்டன், உங்க கை..."

"ஆமா, அது ஆடும். அதை விடுங்க" என்றார் கேப்டன். "இறங்குறப்ப, ஃபைனல்ல, ஏன் டீச்சர் அவ்வளவு உயரமா வந்தீங்க?"